மழைக்காலத்து ஆண்

ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பெங்களூரில் மாஞ்சாரல் இறங்கும். நாலு மணிக்கு மேகம் கறுக்கும், இடியோடு அடித்துப் பெய்யும், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். பிறகு காலி மனைகளில், கட்டடத்துக்காகத் தோண்டிப் போட்ட பள்ளங்களில், ஏரிக்கரை ஓரத்துப் புல்லில் தேங்கிய தண்ணீரிலிருந்து சத்தம் கிளம்பும். நகரம் எத்தனையோ ஏரிகளை விழுங்கிவிட்டது. இந்தச் சத்தத்தை இன்னும் முழுதாக விழுங்கவில்லை. கேட்கிற அத்தனை குரலும் ஆண் தவளைகளுடையது. பெண்களும் அதே தண்ணீர் ஓரத்தில்தான் இருக்கின்றன. அவை கேட்டுக்கொண்டிருக்கின்றன.

தவளையில் ஆண் எது, பெண் எது என்று எப்படிச் சொல்வது? பதினோராம் வகுப்பு உயிரியல் படித்தவர்களுக்கு இரண்டு அடையாளங்கள் நினைவிருக்கும். ஆணுக்குக் குரல் பை உண்டு. முன்கையின் முதல் விரலில் கலவித் திண்டு உண்டு. பெண்ணுக்கு இரண்டும் இல்லை. தேர்வுக்கு இது போதும். ஆனால் இதை நம்பி ஜனவரி மாதத்தில் ஒரு தவளையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் குழப்பம்தான் மிஞ்சும். திண்டு தேய்ந்து மழுங்கியிருக்கும். குரல் பை தொண்டைத் தோலின் சுருக்கமாக ஒடுங்கியிருக்கும். கர்நாடகத்தில் மழை தவறும்போது தவளைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கும் வழக்கம் உண்டு. 2019 ஜூனில் உடுப்பியில் வருணா, வர்ஷா என்று பெயர் சூட்டி ஒரு ஜோடிக்கு ஊர் கூடி மாலை மாற்றி வைத்தார்கள். மழை வராத நாளில் நடக்கும் கல்யாணம் அது. மாப்பிள்ளையின் அடையாளங்களோ மழை வந்த பிறகுதான் முழுதாகத் துலங்கும்.

தவளையைப் பற்றி எனக்கு ஓயாத வியப்பு தருவது இதுதான். மயிலுக்கும் சிங்கத்துக்கும் ஆண் அடையாளம் ஆண்டின் பெரும்பகுதியில் கண்ணுக்குத் தெரியும். தவளையில் அது பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிறது. சில இனங்களில் சில நாள், சில இனங்களில் சில மணி நேரம். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு காரணம். பெரும்பாலான தவளைகளில் கருவுறுதல் உடலுக்கு வெளியே நடக்கிறது. பெண் தண்ணீரில் முட்டையை வெளியேற்றும் அந்தக் கணத்தில், விரற்கடை தூரத்தில், ஆண் தன் விந்தணுவை வெளியேற்றியாக வேண்டும். ஒரு கணம் தப்பினாலும் ஆண்டு முழுவதற்கும் வீண். ஆகவே ஆண் மூன்று காரியங்களைச் சாதிக்க வேண்டும்: இருட்டில் பெண்ணைத் தன்னிடம் வரவழைக்க வேண்டும், வந்தவள் பெண்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டும், முட்டை வெளிவரும் வரை பிடி தளராமல் இருக்க வேண்டும். ஆண் தவளையின் உடலில் தனித்துத் தெரிகிற ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்றில் ஒன்றுக்காக வந்தது.

முதலில் குரல். தவளை கத்தும்போது வாயைத் திறப்பதில்லை. மூக்கையும் மூடிக்கொள்கிறது. வயிற்றுத் தசைகளை இறுக்கி நுரையீரல் காற்றைக் குரல்வளை வழியே மேலே தள்ளுகிறது. அந்தக் காற்று வாயின் அடித்தளத்திலுள்ள பிளவுகள் வழியாகக் குரல் பைக்குள் போய் அதை உப்ப வைக்கிறது. பை சுருங்கும்போது காற்று மீண்டும் நுரையீரலுக்கே திரும்புகிறது. ஒரே காற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி இரவு முழுக்கக் கத்த முடிவது இதனால்தான். இதற்கு வேண்டிய குரல்வளையும் தசைகளும் ஆணில் பெரிதாக வளர்கின்றன. உடலளவில் பெண் பெரிதாக இருக்கும் இனங்களிலும் குரல்வளை ஆணுக்கே பெரிது. அடிக்கடி விரிந்து சுருங்குவதால் தொண்டைத் தோல் தளர்ந்து, பல இனங்களில் நிறமும் மாறுகிறது. பெங்களூர்ப் பூங்காக்களின் புல்லில் திரியும் கட்டைவிரல் நுனியளவு குறுவாய்த் தவளைகளில் ஆணின் தொண்டை கறுத்திருக்கும், பெண்ணின் தொண்டை வெளுத்திருக்கும். ஏரி நீரின் மேலே தட்டித் தட்டித் தாவி ஓடும் தவளையில் ஆணுக்கு வாயின் இருபுறமும் இரண்டு பைகள் வெளியே புடைக்கும். குளியலறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும் மரத்தவளையில் ஆண் தெளிவாகச் சிறியது. நுரைக் கூடு கட்டும் பெண் அதைவிட மிகப் பெரியது.

குரலில் மட்டும் அல்ல, கேட்பதிலும் ஆணும் பெண்ணும் வேறுபடலாம் என்பதை 1976-ல் பீட்டர் நரின்ஸ், ராபர்ட் காப்ரானிகா என்ற இருவர் காட்டினார்கள். போர்ட்டோ ரிக்கோ தீவில் ‘கோ-கீ’ என்று இரண்டு அசையில் கத்தும் ஒரு சிறு மரத்தவளை உண்டு. ‘கோ’ மற்ற ஆண்களுக்கு, இது என் இடம் என்ற எச்சரிக்கை. ‘கீ’ பெண்ணுக்கு அழைப்பு. இருவரும் தவளைகளின் செவி நரம்பைச் சோதித்தபோது, ஆணின் காது ‘கோ’வின் சுருதிக்கும் பெண்ணின் காது ‘கீ’யின் சுருதிக்கும் கூடுதலாக இசைந்திருந்தது. ஒரே இடத்தில், ஒரே குரலை, இரண்டு பாலும் வேறு வேறாகக் கேட்கின்றன. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஆண்-பெண் வேறுபாடு இது. நான் படித்தவற்றிலேயே மிக அழகானதும் இதுதான்.

காதைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குப் பின்னால் உள்ள செவிப்பறை கண்ணைவிடப் பெரிதாக இருந்தால் ஆண், கண்ணளவே இருந்தால் பெண் என்று பல இடங்களில் பொதுவிதி போல எழுதியிருப்பார்கள். அது அமெரிக்க மாட்டுத் தவளைக்கும் அதன் நெருங்கிய உறவினங்கள் சிலவற்றுக்கும் பொருந்தும் விதி. நம் ஊர்த் தவளையை அதை வைத்து அளந்தால் தவறான விடைதான் வரும். ஓர் இனத்தின் அடையாளத்தை எல்லா இனங்கள் மீதும் ஏற்றிவிடுவதே இந்த விஷயத்தில் அடிக்கடி நேரும் பிழை.

அடுத்தது பிடி. ஆண் பின்னாலிருந்து பெண்ணின் அக்குளுக்கடியில் கைகளைக் கோத்து இறுக்கிக்கொள்ளும். இந்தத் தழுவல் சில மணி நேரம் முதல் பல நாள் வரை நீளும். ஈரமும் வழவழப்புமான உடல். தாவுகிற, நீந்துகிற உடல். சுற்றிலும் அதைத் தட்டிப் பறிக்கக் காத்திருக்கும் மற்ற ஆண்கள். கை வழுக்கினால் எல்லாம் முடிந்தது. இதற்காக ஆணின் முன்கைத் தசைகள் பருத்துத் திரள்கின்றன. கட்டைவிரல் பக்கத்தில் தோல் தடித்து, நுண்ணிய முட்களோடு, பெரும்பாலும் கறுப்பாகவோ பழுப்பாகவோ திண்டு எழுகிறது. தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். இவை ஆண் ஹார்மோன்களின் வேலை. பருவம் முடிந்து ஹார்மோன் இறங்கியதும் திண்டும் மங்கிவிடுகிறது. ஆப்பிரிக்காவில் மண்ணுக்குள் வாழும் ஒரு வகைக் குண்டுத் தவளைக்குக் கை மிகக் குட்டை, பெண்ணின் உடலோ உருண்டை; கட்டிப் பிடிக்கவே வழியில்லை. அங்கே ஆண் தோலில் சுரக்கும் பசையால் பெண்ணின் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

இந்தச் சிறு திண்டு ஒரு மனித உயிரையும் காவு வாங்கியிருக்கிறது. வியன்னாவில் பால் காமரர் என்ற உயிரியலாளர் இருந்தார். முட்டைச் சரத்தைப் பின்னங்காலில் சுற்றிச் சுமக்கும் ஓர் ஐரோப்பியத் தேரையை அவர் வளர்த்தார். அது நிலத்தில் இணைசேரும் இனம். வழுக்கும் பிரச்சினை இல்லை, ஆகவே திண்டும் இல்லை. அதைத் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரில் இணைசேர வைத்தபோது ஆண்களுக்குத் திண்டு முளைத்தது, அது வாரிசுகளுக்கும் போனது என்று அவர் அறிவித்தார். வாழ்நாளில் பெற்ற மாற்றம் வழிவழியாக இறங்கும் என்பதற்கு அதுவே சாட்சி என்றார். 1926 ஆகஸ்டில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜி.கே. நோபிள், மிஞ்சியிருந்த மாதிரியைச் சோதித்து, அந்தக் கறுப்பு நிறம் தோலுக்கடியில் செலுத்தப்பட்ட மை என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மையைச் செலுத்தியது யார் என்பது இன்றுவரை தெளியவில்லை. அடுத்த மாதம் 23-ஆம் தேதி காமரர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். விரலில் ஒரு கறுப்புத் தடிப்பு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி, பரிணாமம் எப்படி நடக்கிறது என்ற பெருவிவாதத்தின் நடுவே போய் நின்ற காலம் அது.

மூன்றாவது காரியம்தான் மிகக் கடினமானது. வந்தவள் பெண்தானா? மழை விழுந்த முதல் இரவு ஒரு குட்டையில் நூற்றுக்கணக்கான ஆண்கள் கூடிவிடுகின்றன, பெண்களோ கொஞ்சம். இருட்டு, கலங்கல், நெரிசல். அசைகிற எதையும் ஆண் கட்டிப் பிடிக்கும்: இன்னொரு ஆணை, வேறு இனத் தவளையை, சில நேரம் ஒரு கட்டையை. பிடிபட்டது ஆணாக இருந்தால் விட்டுவிடச் சொல்லி ஒரு சிறு குரல் கொடுக்கும். பிடித்தது கையைத் தளர்த்தும். பெண்ணுக்குப் பொதுவாக இந்தக் குரல் வலுவாக இல்லை. 2023-ல் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் ஐரோப்பியத் தவளை ஒன்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் வேறொன்று தெரிந்தது. பிடியிலிருந்து தப்ப நினைக்கும் பெண் உடலைச் சுழற்றுகிறது. ஆணின் விடுகுரலை ஒத்த முனகலை எழுப்புகிறது. எதுவும் பலிக்காவிட்டால் கைகால்களை விறைத்து நீட்டிச் செத்ததுபோலக் கிடக்கிறது. பல ஆண்கள் ஒரே பெண்மேல் திரண்டு அமுக்கி அது மூச்சு முட்டிச் சாவதும் நடக்கும் என்பதால், அந்த நடிப்பு உயிர் காக்கும் நடிப்பு.

இந்த நெரிசலுக்கு நம் நாட்டு மாட்டுத் தவளை கண்டுபிடித்த விடை நிறம். 2020 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் நரசிங்பூரில் மழைத் தண்ணீரில் எலுமிச்சை மஞ்சளில் தவளைகள் கும்பலாகத் துள்ளும் காணொளி ஒன்று நாடு முழுக்கச் சுற்றியது. நோய் என்றார்கள், விஷம் என்றார்கள், அந்த ஆண்டின் கெட்ட சகுனங்களில் இன்னொன்று என்றார்கள். அவை எல்லாம் சாதாரண மாட்டுத் தவளை ஆண்கள். ஆண்டின் மற்ற நாட்களில் ஆணும் பெண்ணும் ஒரே பச்சை கலந்த பழுப்புதான், முதுகில் கரும்புள்ளிகளோடு. இனப்பெருக்கக் காலம் வந்ததும் ஆணின் உடல் முழுக்கப் பளீரென்ற மஞ்சளாகிறது. தொண்டையின் இருபுறமும் உப்பும் குரல் பைகள் அடர்நீலமாகின்றன. பெண் பழுப்பாகவே இருக்கிறது. பருவம் முடிந்தால் மஞ்சள் மறைந்துவிடும். பெங்களூர்ப் புறநகரின் தேங்கிய தண்ணீரிலும் வயல்வெளியிலும் நல்ல மழைக்கு மறுநாள் பகலிலேயே இதைப் பார்க்க முடியும்.

வீட்டு வாசல் விளக்கடியில் பூச்சி தின்ன வந்து உட்காரும் சாதாரணத் தேரையிலும் இது உண்டு என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கூட்டமாக இணைசேரும் நாட்களில் ஆண் தேரை மஞ்சளடிக்கிறது. எப்படி மாறுகிறது என்று வியன்னா ஆய்வாளர்கள் தேடினார்கள். 2022-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், பரபரப்பின்போது நம் உடலிலும் சுரக்கும் அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகியவற்றை ஆண் தேரைக்குச் செலுத்தியபோது பத்து நிமிடங்களுக்குள் நிறம் மஞ்சளானது. தோலின் நிறமிச் செல்களுக்குள் துகள்கள் இடம் மாறுவதால் நடக்கும் மாற்றம் இது. எதற்காக என்பதில் பலரும் ஏற்கும் விளக்கம், ஆண்கள் ஒன்றையொன்று பெண் என்று பிடித்து நேரத்தை வீணாக்காமல் இருக்க இந்த மஞ்சள் உதவுகிறது என்பதே. பெண்ணைக் கவரத்தான் ஆண் அழகாகிறது என்ற நம் வழக்கமான எண்ணம் இங்கே அவ்வளவாகப் பொருந்தவில்லை. நெரிசலில் பெண்ணுக்குத் தேர்ந்தெடுக்க அவகாசமே குறைவு. மஞ்சள் இன்னொரு ஆணுக்குச் சொல்லும் செய்தி.

உருவ அளவு இன்னொரு வேறுபாடு. ரிச்சர்ட் ஷைன் என்ற உயிரியலாளர் 1979-ல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்களின் அளவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சுமார் 90 விழுக்காட்டில் பெண்ணே பெரிது. காரணம் முட்டை. மாட்டுத் தவளையின் பெண் ஒரே முறையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வயிறு பெரிதானால் முட்டை கூடும். பருவ மழைக்காலத்தில் பெண்ணின் விலா புடைத்து நிற்பதும் இதனால்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் 2003-ல் விவரிக்கப்பட்ட ஊதாத் தவளையில் இந்த வேறுபாடு கண்ணைப் பறிக்கும். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் வாழ்ந்து முதல் மழைக்கு மேலே வரும் அந்தப் பருத்த பெண்ணின் முதுகில், அதில் சிறு பகுதி அளவே உள்ள ஆண் தொற்றிக்கொண்டு போகும். விதிவிலக்கு, ஆண்கள் சண்டையிட்டு இடம் பிடிக்கும் இனங்கள். ஆப்பிரிக்க மாட்டுத் தவளையில் ஆண் பெண்ணைவிட மிகப் பெரியது. பிறந்த தலைப்பிரட்டைகளுக்குக் காவல் இருப்பதும் அதுதான்.

கர்நாடகம் தவளை ஆய்வுக்குக் கொடுத்து வைத்த நிலம். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்திலும் ‘ஏட்ரீ’ ஆய்வு நிறுவனத்திலும் உருவான ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் இரவு மழையில் ஓடைகளில் நின்று பார்த்தவை பாடநூல் விதிகளைப் பலமுறை திருத்தின. கே.வி. குருராஜாவும் உடன் பணியாற்றியவர்களும் 2014-ல் உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டு ஓடையிலிருந்து விவரித்த கும்பாரா இரவுத் தவளையில், பெண் முட்டையிட்டுப் போன பிறகு ஆண் பின்னங்காலில் நின்று, முன்கைகளால் சேற்றை அள்ளி முட்டைகள் மேல் பூசுகிறது. பிடிக்கப் பிறந்த கை என்று நாம் சொன்ன அதே கை. மகாராஷ்டிர மலைகளில் வாழும் இதன் உறவினம் பம்பாய் இரவுத் தவளையைப் பற்றி 2016-ல் வெளியான ஆய்வு இன்னும் பெரிய ஆச்சரியம். அங்கே ஆண் பெண்ணைத் தழுவுவதே இல்லை. அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து, கைகளை இலையிலோ கிளையிலோ ஊன்றி, விந்துவை முதுகில் விட்டு இறங்கிவிடுகிறது. பெண் அதன் பிறகே முட்டையிட, முதுகிலிருந்து வழிவது முட்டைகளை நனைக்கிறது. அந்த இனத்தில் பெண்ணும் குரல் கொடுக்கிறது. இரவுத் தவளைகளில் ஆணை அறிய விரலைத் தேடிப் பயனில்லாதபோது தொடையைப் பார்க்க வேண்டும். அங்கே ஆணுக்கு ஒரு சுரப்பி புடைத்திருக்கும். தமிழ்நாட்டின் களக்காடு முண்டந்துறைக் காட்டில், மூங்கில் கணுவிடைக்குள் குறுகிய பிளவு வழியே நுழைந்து வாழும் ஒரு பச்சைப் புதர்த் தவளையைக் கே.எஸ். சேஷாத்ரி ஆராய்ந்தார். அங்கேயும் முட்டைக்குக் காவல் ஆண். முக்கியமான எதிரி, முட்டையைத் தின்ன வரும் அதே இனத்து இன்னோர் ஆண்.

தோலுக்கு அடியில் போனால் எல்லைக்கோடு இன்னும் மங்குகிறது. ஆண் தேரையின் விந்தகத்துக்கு மேலே பிட்டர் உறுப்பு என்று ஒன்று உண்டு. அது வளராத சூலகம். விந்தகங்கள் நீக்கப்பட்டால் அந்த உறுப்பு வளர்ந்து முட்டை உருவாக்கும் சூலகமாகவே மாறக்கூடும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிப் பரிசோதனைகள் காட்டின. நம் வாசல் தேரை ஒவ்வொன்றிலும், ஆண் என்று விரல் திண்டைப் பார்த்து நாம் உறுதிசெய்த பிறகும், உள்ளே ஒரு பெண் வாய்ப்பு ஒதுங்கியிருக்கிறது. இந்த உறுப்பையும் இந்தியத் தவளைகளின் இனப்பெருக்கச் சுழற்சியையும் பல்லாண்டு ஆராய்ந்தவர்கள் தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் எஸ்.கே. சைதாபூரும் அவருடைய மாணவர்களும். தலைப்பிரட்டை வளரும் தண்ணீரில் பாலின ஹார்மோன்களைச் சேர்த்தால் அதன் பால் எப்படி மாறுகிறது என்பதையும் அவர்கள் இந்தியத் தவளைகளில் சோதித்தார்கள். தவளையில் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் பெரும்பாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; ஜப்பானின் ஒரு தவளையினத்தில் ஒரு பகுதியில் நம்மைப் போன்ற முறையும் இன்னொரு பகுதியில் பறவைகளைப் போன்ற முறையும் இருக்கின்றன. இவ்வளவு நெகிழ்வான ஏற்பாட்டில் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பது சிறிய விஷயமல்ல.

கலிஃபோர்னியாவின் டைரோன் ஹேய்ஸ் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. களைக்கொல்லியான அட்ராசின் மிகச் சிறிய அளவில் கலந்த நீரில் ஆப்பிரிக்க நகத் தவளையின் மரபணு வழி ஆண்களை வளர்த்தபோது, பத்தில் ஒன்று முழுப் பெண்ணாகவே வளர்ந்தது. அவை சாதாரண ஆண்களோடு சேர்ந்து முட்டையிட்டன. தாய் தந்தை இரண்டுக்குமே ஆணின் குரோமோசோம் என்பதால் பிறந்தவை எல்லாம் ஆண்கள். அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம் வேறு முடிவு காட்டும் ஆய்வுகளை முன்வைத்து மறுக்கிறது. வாதம் இன்னும் ஓயவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் நிலத்தடி நீரில் கலப்பதைக் காரணம் காட்டி 2004-ல் அட்ராசினுக்கு அனுமதியை விலக்கியது. இந்தியாவில் அது மக்காச்சோள வயல்களின் வழக்கமான களைக்கொல்லி. கர்நாடகம் நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாநிலங்களில் ஒன்று. களைக்கொல்லி தெளிப்பது விதைத்த ஓரிரு நாளில், அதாவது முதல் நல்ல மழையை ஒட்டி. மாட்டுத் தவளை மஞ்சளாகி வயலோரப் பள்ளத்தில் இறங்குவதும் அதே மழைக்குத்தான்.